சின்னவளின் தலைமாட்டில்

எனக்கு இந்தப் பெட்டி தேடுற பைத்தியமெல்லாம் கிடையாது. அது முழுக்க முழுக்க என் வீட்டுக்காரரோடது. ஜோதிலிங்கம்னு பேரு. முப்பது வருஷத்துக்கு மேல ஒரு அரசாங்கக் கம்பெனியில குப்பை கொட்டிட்டு ரிட்டயர் ஆனாரு. ஆனதும் ஜனக்புரியில மத்த ஆம்பளைங்க மாதிரி பேப்பரும் டி.வி.யுமா கிடந்திருந்தா நான் பாட்டுக்கு ஆபீஸ் போயிட்டு வந்துக்கிட்டிருப்பேன். இவரு போயி ஒரு வாட்சப் குரூப்புல சேர்ந்துட்டாரு.

பெட்டின்னா தெருமுனையில நிக்கிற சிவப்புத் தபால் பெட்டி இல்ல. யாரோ ஒருத்தர் ஒரு டப்பாவை ஊருக்குள்ள எங்கயாவது ஒளிச்சு வெச்சிட்டு, விடுகதை மாதிரி ஒரு குறிப்பை குரூப்புல போடுவாரு. அதைப் பிடிச்சுக்கிட்டே போயி கண்டுபிடிச்சா, டப்பாக்குள்ள ஒரு ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும். அதை நம்ம நோட்டுல குத்திக்கிட்டு, டப்பாவை இருந்த இடத்துலயே வெச்சிட்டு வரணும். அவ்வளவுதான் விளையாட்டு. பரிசு கிடையாது, பாராட்டு கிடையாது, வெயில்ல கறுத்துப்போறதுதான் மிச்சம். இதைச் சொன்னா அவருக்குக் கோவம் வரும், அதனாலயே அடிக்கடி சொல்லுவேன்.

அந்த ஞாயித்துக்கிழமை நான் கூடப் போனதுக்குக் காரணம் அகல்யா. எங்க ஒரே பொண்ணு. அப்ப அவளுக்கு எட்டு மாசம். வளைகாப்பு முடிஞ்சதும் எங்க மாப்பிள்ளை பிரதீப் ஐதராபாத்திலேருந்து கூட்டிட்டு வந்து எங்க வீட்டுல விட்டுட்டுப் போயிருந்தாரு. இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை கரு தங்கி, ரெண்டுமே அஞ்சாம் மாசத்துல போயிடுச்சு. ரெண்டாவது போனப்ப நான் ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னுக்கிட்டிருந்தேன். துணி போட்டு மூடின ட்ரேயை என் கண்ணுல படாம உடம்பை ஒட்டிப் பிடிச்சுக்கிட்டு நர்ஸ் வேகமாப் போனா. அன்னையிலேருந்து எனக்கு சாமிகிட்ட வேற எதுவும் கேக்கத் தோணல. இந்தப் பிள்ளை உசிரோட வெளிய வரணும், அது ஒண்ணுதான்.

அதனால வீட்டுல இருந்தா அவ வயித்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். அவளுக்கு எரிச்சலா வந்துச்சு.

"மா, நீயும் அப்பாவும் என் வயித்தை டி.வி. மாதிரி பாக்குறீங்க. பஸ் கரோ, போதும். அப்பாகூட எங்கயாவது வெளிய போயிட்டு வா, ப்ளீஸ்" அப்படின்னா. தில்லியில பொறந்து வளர்ந்தவ, கெஞ்சுறதுக்குக்கூட மூணு பாஷை வேணும் அவளுக்கு.

சரின்னு ஃபிளாஸ்க்குல காபியை ஊத்திக்கிட்டு கிளம்பினேன். ராஜீவ் சௌக்குல மாறி, விஸ்வவித்யாலயாவுல இறங்கி, ரிட்ஜ் காட்டுக்கு நடந்தோம். மாசி மாசத்து வெயில் இதமாத்தான் இருந்துச்சு. காட்டுக்குள்ள வெள்ளைக்காரங்க காலத்துக் குடியிருப்பு ஒண்ணு இருக்காம். ஆபீசருங்க குடும்பத்தோட இருந்த பங்களா வரிசை, இப்ப எல்லாம் இடிஞ்சு கிடக்குதாம். அங்கதான் பெட்டி. ரொம்ப நாளா அதை யாரும் கண்டுபிடிச்சதாத் தகவல் இல்லைங்கிறதுல இவருக்கு ஒரே குஷி.

குறிப்பைத் தமிழ்ல சொல்லிக்கிட்டே நடந்தாரு. "கொடி பறக்காத கொடிக் கோபுரத்துலேருந்து கீழ இறங்கு. வேப்பமரம் குடியிருக்கிற வீட்டைத் தாண்டு. இடிஞ்ச சுவரை இடது கையால தொட்டுக்கிட்டே நட. வீடில்லாத வாசல் வரும். அந்த வீட்டுலயே சின்னவ யாருன்னு பாரு. அவ தலைமாட்டுல இருக்கு."

"ஏன், மண்ணுல இருக்குன்னு நேரா சொன்னா நாக்கு வெந்துடுமா?"

"பேசாம வா ஜெயா."

கோபுரத்துகிட்ட குரங்குங்க ராஜ்யம். அதைத் தாண்டி இறங்கினா ஆள் நடமாட்டமே இல்ல. கூரை இல்லாத வீடுங்க, வரிசையா. ஒரு வீட்டுக்குள்ளேருந்து வேப்பமரம் ஜன்னல் வழியா கிளையை நீட்டிக்கிட்டு நின்னுச்சு. சுவரைத் தொட்டுக்கிட்டே போனோம். சுவர் முடியிற இடத்துல ரெண்டு தூண் நின்னுச்சு, நடுவுல துருப்பிடிச்ச கேட். கேட்டுக்குப் பின்னால வீடு இல்ல, முள்ளுக்காடுதான். இவரு சின்னப் பையன் மாதிரி என்னைத் திரும்பிப் பாத்துச் சிரிச்சாரு.

எனக்கு முட்டி வலி. உள்ள ஒரு ஓரமா தாழ்வா ஒரு கல் கிடந்துச்சு, ஒரு பக்கம் கொஞ்சம் உயர்ந்து சின்னக் கட்டில் மாதிரி. தோட்டத்துல உக்காரப் போட்டிருப்பாங்கன்னு நெனச்சு அதுல உக்காந்துட்டேன். காபியை ஊத்திக் குடிச்சேன். மூடியைப் பக்கத்துல கல்லு மேலயே வெச்சேன். இவரு புதர் புதராக் குனிஞ்சு தேடிக்கிட்டிருந்தவரு, என் பக்கமா வந்து உயர்ந்த பக்கத்துப் பாசியை விரலால சுரண்டினாரு. முகம் மாறிப்போச்சு.

"எந்திரி ஜெயா."

"ஏன்?"

"எந்திரின்னா எந்திரி."

எந்திரிச்சுப் பாத்தேன். கல்லறைக் கல்லு, பாசிக்கு அடியில இங்கிலீஷ் எழுத்து. ஏமின்னு பேரு. ரெண்டு வயசு நிறையல. மே மாசத்துல காய்ச்சல்ல போயிருக்கா. பெத்தவங்க பேரு இருந்த இடம் உடைஞ்சு விழுந்திருந்துச்சு. சிப்பாய்க் கலவர காலத்துல கல்லறைத் தோட்டம் வரைக்கும் கொண்டுபோக முடியாம வீட்டுத் தோட்டத்துலயே வெச்சிருப்பாங்கன்னு இவரு சொன்னாரு. எச்சக் காபியை நான் அந்தப் பிள்ளை மேல வெச்சிருந்தேன். சட்டுன்னு மூடியை எடுத்துட்டு முந்தானையால கல்லைத் துடைச்சேன்.

தலைமாட்டுக்குப் பின்னால ஒரு செங்கல்லை நகத்தினதும் எவர்சில்வர் டப்பா கிடைச்சுச்சு. உள்ள இருந்த ஸ்டாம்ப்பைக் குத்திப் பாத்தா ஒத்தைக் குழந்தைச் செருப்பு. இவரு குத்திக்கிட்டு, செங்கல்லைத் திரும்ப வெச்சிட்டு, முன்னால நடந்தாரு. நான் ரெண்டு நிமிஷம் நின்னேன். அப்பதான் அந்தத் தப்பைப் பண்ணினேன்.

மெட்ரோவுல, கோயில்ல, ஐ.என்.ஏ. மார்க்கெட்டுல அப்பளம் வாங்குற கடையில, எங்க எந்தக் குழந்தையைப் பாத்தாலும் நம்ம வாயில வர்ற பேச்சு என்ன? எங்க வீட்டுக்கு வரியான்னு கேப்போம். அது ஒரு கொஞ்சல். குழந்தை அவங்கம்மா கழுத்தைக் கட்டிக்கும், நாம சிரிப்போம், முடிஞ்சுபோச்சு. எந்தப் பிள்ளையும் நம்மகூடக் கிளம்பி வர்றதில்ல, ஏன்னா அதுக்குக் கட்டிக்க ஒரு கழுத்து இருக்கு.

"பாவம்டி நீ. இத்தனை வருஷமா தனியாவா கிடக்கே? எங்க வீட்டுக்கு வரியா?"

சொல்லிட்டு நடந்துட்டேன். சொன்னதுகூட மனசுல நிக்கல.

வீட்டுக்கு வந்ததும் நேரா அகல்யா பக்கத்துல உக்காந்து வயித்துல கையை வெச்சேன். சாவு வீட்டுக்குப் போனா வாசல்லயே காலைக் கழுவிட்டு, தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டுத்தான் உள்ள வரணும்னு எனக்குத் தெரியாதா? இவ்வளவு நாள் அதெல்லாம் ஒழுங்காத்தான் பாத்திருக்கேன். ஆனா நான் போனது மயானமா? ஞாயித்துக்கிழமை சுத்திப் பாக்கப் போனோம், வந்தோம். ஒரு நிமிஷம்கூட எனக்கு அது தோணல. இப்ப நெனச்சா என்னை நானே அறைஞ்சுக்கலாம் போல இருக்கு.

மறுநாள் மத்தியானம் அகல்யா இடது பக்கமாப் படுத்திருந்தா. நான் அடுக்களையில ரசத்துக்குத் தாளிச்சுக்கிட்டிருந்தேன். அவ ரூமுலேருந்து கத்தினா.

"மா, முதுகுல சாயாதே. எவ்ளோ சூடு நீ."

கரண்டியோட போயி நின்னேன். அவ திரும்பி என்னைப் பாத்தா, கரண்டியைப் பாத்தா.

"அப்ப யாரு..." அப்படின்னுட்டு நிறுத்திட்டா.

அவ முதுகைத் தொட்டுப் பாத்தேன். ஒரு இடத்துல மட்டும், என் உள்ளங்கை அகலத்துக்கு, கொதிச்சுச்சு. பிள்ளை பெத்து வளர்த்தவங்களுக்கு அந்தச் சூடு தெரியும். காய்ச்சல் அடிக்கிற குழந்தை நெத்தியை நம்ம மேல வெச்சு அழுத்தினா எப்படி இருக்குமோ, அந்தச் சூடு. கொஞ்ச நேரத்துல தணிஞ்சுபோச்சு. மாசம் ஆக ஆக உடம்பு அப்படித்தான் இருக்கும்னு அவகிட்ட ஏதோ சொன்னேன்.

தினம் மத்தியானம் அது வந்துச்சு. அதோட இன்னொண்ணும் கவனிச்சேன். முதுகு சுடுறப்ப வயித்துல அசைவு நின்னுபோகும். தணிஞ்சப்புறம்தான் உள்ள இருக்கிறது மெதுவா ஒரு புரளு புரளும். அந்தப் புரளலும் நாளுக்கு நாள் சின்னதாயிக்கிட்டே வந்துச்சு. ஆபீசுக்கு லீவு சொல்லிட்டு நான் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டேன். நான் உக்காந்திருந்தாலும் வந்துச்சு. என்னைத் தாண்டித்தான் வந்துச்சு, அது எனக்கு நல்லாத் தெரிஞ்சது.

புதன்கிழமை நான் ஹாலுக்கு நடந்து போறப்ப, பின்னாலேருந்து என் புடவை முந்தானையை யாரோ பிடிச்ச மாதிரி ஒரு இழுப்பு. பலமா இல்ல. அகல்யா நடை பழகுறப்ப அப்படித்தான் பிடிச்சுக்கிட்டே வருவா. எனக்குப் பயம் வந்திருக்கணும் இல்லையா? வரல. நடையை மெதுவாக்கினேன். கை தானாப் பின்னால போச்சு. சோபாவுக்கு வந்து சேர்ந்தப்புறம்தான் என்ன காரியம் பண்ணிக்கிட்டிருக்கேன்னு உறைச்சுச்சு. அப்படி ஒரு ஆத்திரம் வந்துச்சு என் மேல.

அன்னைக்கே டாக்டர்கிட்டப் போனோம், ஸ்கேன் பண்ணிப் பாத்தாங்க. இதயத் துடிப்பு இருக்கு, ஆனா அசைவு குறைஞ்சிருக்கு, சனிக்கிழமை வாங்க, அப்பவும் இப்படியே இருந்தா அட்மிட் பண்ணி எடுத்துடலாம்னாங்க. அகல்யாவோட ஆட்டோவுல திரும்பினோம். வளையல் போட்ட கையால வயித்தைக் கட்டிக்கிட்டே வந்தா.

அன்னைக்கு சாயங்காலம் பால்கனியில இவருகிட்டச் சொன்னேன். திட்டுவாரு, பைத்தியம்பாருன்னு நெனச்சேன். இவரு கம்பியைப் பிடிச்சுக்கிட்டு கீழ பார்க்கையே பாத்துக்கிட்டிருந்தாரு.

"நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு ஜெயா" அப்படின்னாரு. "அந்த இடத்துல அப்படிச் சொல்லலாமா?"

"கேட்டுச்சுன்னா அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"என்னன்னு சொல்றது? எனக்கும் பாவமாத்தான் இருந்துச்சு."

மேற்கொண்டு நாங்க சண்டை போடல. கூப்பிட்டது நான், அனுப்ப வேண்டியதும் நான்தான்னு முடிவாச்சு. மறுநாள் பிரதீப் லீவு போட்டு வந்து சேர்ந்தாரு. வெள்ளிக்கிழமை காலையில அகல்யாவை அவருகிட்ட விட்டுட்டு, ஃபிளாஸ்க்குல பாலும் ரெண்டு வாழைப்பழமும் எடுத்துக்கிட்டு கிளம்பினோம். வீட்டுக்கு வந்த பிள்ளையை வெறும் வாயோட அனுப்பக்கூடாது.

மெட்ரோவுல உக்காந்து மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். போ. போ. இது என்ன பெரிய காரியம்னு நீங்க கேக்கலாம். சொல்லிப் பாருங்க, தெரியும். நான் யாரையும் போன்னு சொன்னதில்ல. பால்காரனைக்கூட போயிட்டு வாப்பான்னுதான் சொல்லுவேன். சண்டை போட்டு நிறுத்தின வேலைக்காரிக்கும் கடைசியா போயிட்டு வாம்மாதான். கல்யாணமாகி ரயிலேறின மகளுக்கும் அதேதான். ஆஸ்பத்திரி வராந்தாவுல அந்த ட்ரே என்னைத் தாண்டிப் போனப்பக்கூட என் உதடு அதைத்தான் முணுமுணுத்துச்சு. அது திரும்பி வரல.

வீடில்லாத வாசல்ல இவரு நின்னுட்டாரு. "நீயே போயிச் சொல்லு" அப்படின்னாரு.

நான் மட்டும் உள்ள போனேன். பாலைக் கல்லு மேல ஒரு பேப்பர் கப்புல ஊத்தி வெச்சேன். பழத்தை உரிச்சு வெச்சேன். நான் நடந்து வந்த வழி பூரா முந்தானையில அந்த இழுப்பு இருந்துச்சு. நான் நின்னதும் அதுவும் நின்னுச்சு.

"ஏமி, இங்க பாரு கண்ணு" அப்படின்னேன். "ஆன்ட்டி தெரியாமக் கூப்பிட்டுட்டேன். எங்க வீட்டுல இடமில்ல. என் பொண்ணுக்குப் பாப்பா வரப்போகுது. அதுக்குத்தான் இடம் இருக்கு. நீ இங்கயே சமத்தா இருக்கணும்."

என் முழங்காலுக்குப் பின்னால சூடா ஒரு நெத்தி வந்து சாஞ்சது. தமிழ் அதுக்குப் புரியாது. எப்படிப் புரியும்? யாரோ கூப்பிட்டாங்க, தன்னைப் பாத்து ஒருத்தி பேசினா, அது மட்டும்தான் புரிஞ்சிருக்கு. ரெண்டு வயசு நிறையாத பிள்ளை, காய்ச்சலோட, எத்தனை கோடை இந்த முள்ளுக்காட்டுல. பெத்தவங்க மூட்டையைக் கட்டிக்கிட்டு கப்பலேறிப் போயிருப்பாங்க. இதைத் தூக்கிட்டுப் போக முடியலன்னு பெத்தவ எப்படி அழுதிருப்பா. ஆனா வீட்டுல என் மக வயித்தைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. நாளைக்கு சனிக்கிழமை.

வாயைத் திறந்தேன். போன்னு ஆரம்பிச்சேன். அங்கயே நிறுத்தியிருக்கணும்.

"போயிட்டு வா" அப்படின்னுட்டேன்.

நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். மறுபடி சரியாச் சொல்லலாம்னு மூச்சை இழுத்தேன். அதுக்குள்ள முழங்காலுக்குப் பின்னால இருந்த சூடு போயிடுச்சு. முந்தானையில இழுப்பு இல்ல. பால்ல ஒரு எறும்பு மிதந்துக்கிட்டிருந்துச்சு. அவ்வளவு லேசா அவ போயிட்டா.

போன் அடிச்சுச்சு. அகல்யா. சிரிக்கிறாளா அழறாளான்னே தெரியல.

"மா, ஹில் ரஹா ஹை. அசையுதும்மா. இப்பதான் திடீர்னு. லாத் மேல லாத், அப்படி உதைக்குது, பிரதீப் கைக்கே தெரியுது."

"முதுகு எப்படி இருக்கு?"

"முதுகா? டீக் ஹை, சரியாயிடுச்சு. ஜில்லுன்னு இருக்கு."

அந்த இடத்துலயே உக்காந்து வாய்விட்டு அழுதேன். இவரு ஓடி வந்தாரு. விஷயத்தைச் சொன்னதும் அவரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. திரும்பி நடக்குறப்ப கேட்டாரு, "என்ன சொல்லி அனுப்பின?"

"போன்னு சொன்னேன்" அப்படின்னேன்.

ஏப்ரல்ல பேத்தி பிறந்தா. முழுசா, உசிரோட, ஆஸ்பத்திரியையே கூட்டுற மாதிரி அழுதுக்கிட்டு. பிரதீப் ஜாடைன்னு அவங்க வீட்டுல சொல்றாங்க, எங்க அகல்யாவை உரிச்சு வெச்சிருக்குன்னு இவரு சொல்றாரு. இப்ப தவழறா. நல்லாச் சாப்பிடுறா, நல்லாத் தூங்குறா, ஒரு குறை சொல்ல முடியாது. அகல்யா முகத்துல இப்படி ஒரு சந்தோஷத்தை நான் பாத்ததே இல்ல. டெலிவரி முடிஞ்சு ஐதராபாத் போனவங்க, பிரதீப்புக்கு வேலை மாறினதுல இப்ப தில்லியிலயே எங்ககூட இருக்காங்க.

காலையில பேத்தியைக் கால்ல போட்டுக் குளிப்பாட்டுறது நான்தான். தண்ணி ஊத்துறப்ப கண்ணை மூடாம என்னையே பாப்பா. அப்ப ஒரு நெனப்பு வரும். எட்டு மாசம் என் மக வயித்துல இருந்தது, அந்த வாரம் பூரா கொஞ்சம் கொஞ்சமா அடங்கிக்கிட்டே வந்துச்சு. அப்புறம் ஒரே நிமிஷத்துல உதைக்க ஆரம்பிச்சுச்சு. நான் போயிட்டு வரச்சொன்னவ பேத்தியா வந்துட்டான்னா, அதுவரைக்கும் உள்ள இருந்தவ எங்க போனா? இதை நான் யாருகிட்டக் கேக்குறது? அகல்யாகிட்டயா?

அதனால மாசத்துக்கு ஒரு தடவை ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டுட்டு, வீட்டுல யாருக்கும் சொல்லாம ரிட்ஜுக்குப் போறேன். அந்தக் கல்லு பக்கத்துல தரையில உக்காந்து பேசிக்கிட்டிருப்பேன். அங்க இருக்கிறது எங்க பிள்ளையா இருந்தா, என் குரல் தெரியும். வயித்துல இருந்தப்ப அதைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தா. உங்கம்மா நல்லாயிருக்கா, உங்கப்பாவுக்கு இங்கயே வேலை கிடைச்சிருச்சு, உங்க தாத்தா இன்னும் பெட்டி தேடிக்கிட்டுத்தான் அலையறாருன்னு எல்லாம் சொல்லுவேன். சில நாள் மடியில லேசா ஒரு கனம் வந்து உக்காரும். அப்ப எனக்கு வாய் வரைக்கும் வரும், எங்க வீட்டுக்கு வந்துடு கண்ணுன்னு. கூப்பிட மாட்டேன். வீட்டுல ஒருத்தி இருக்கா. வெயில் ஏறுற வரைக்கும் உக்காந்திருந்துட்டு, ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சு வந்துடுவேன்.